முழுக்கப் போட்டீங்களோ?

உங்களுக்கு என்ன மாதிரிப் பாட்டுப் பிடிக்கும் என்று அந்த அக்கா யாரிடமும் கேட்டதில்லை. பாட்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். அக்காவின் கேள்வி வேறு.

"உங்கட வீடு என்ன சத்தம் போடும்?"

கண்டி டவுனில் ஒரு திரைச்சீலைக் கடையில் அவருக்கு வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து வருவார். கட்டுகஸ்தோட்டையில், பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பஸ்மியா டீச்சர் வீட்டு மேல்மாடிக்கு நான் குடிவந்த புதிதில் அளவெடுக்க வந்தார். என் கணவருக்குக் கட்டாரில் வேலை. தனியாக இருக்கிற பயத்தில் எந்நேரமும் போனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருப்பேன். அக்கா உள்ளே வந்து, "ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார். நிறுத்தினேன். நடுவீட்டில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டினார்.

"என்னங்க, கொசுவா?" என்றேன்.

"இல்லை. வீட்டைக் கேக்கிறன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று எங்கள் மலைநாட்டுப் பக்கத்தில் சொல்வார்கள். எங்களைப் பற்றி அவர்கள் சொல்வதும் அதுதான். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார். பிறகு சாதாரணமாக டேப்பை இழுத்து ஜன்னலை அளந்தார். போகும்போது போன் நம்பர் கேட்டார். திரைச்சீலை தைத்து முடிந்ததும் சொல்வதற்காக்கும் என்று கொடுத்தேன்.

அடுத்த நாள் ஒரு பாட்டு வந்தது. எந்த நாட்டுப் பாஷையென்று தெரியவில்லை. பெண்கள் கூட்டமாக, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினார்கள். பஸ்ஸில் போகும்போது கேட்டேன், சவசவவென்று இருந்தது. சாயங்காலம் வீட்டில் போட்டேன். என்ன சொல்வது, அது அந்த அறைக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. பிரிட்ஜின் முனகலும் மின்விசிறியின் கரகரப்பும் அந்தப் பெண்களின் குரலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. பாட்டு முடிந்ததும் வீடு அமைதியானது. குடிவந்த நாளிலிருந்து அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை. அன்று விளக்கை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அவரிடமிருந்து செய்தி: "போட்டீங்களோ? முழுக்கப் போட்டீங்களோ?"

இந்த இரண்டு கேள்வியும் அவரோடு பழகிய எல்லாருக்கும் மனப்பாடம். போட்டோம் என்றால் போதாது, முழுக்கப் போட்டிருக்க வேண்டும். நடுவில் நிறுத்தியிருந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். "இல்லை, நீங்கள் முடியவிடேல்லை" என்பார். கோபம் இல்லை, கெஞ்சல் போல இருக்கும். பல்வலிக்காரர்கள் நான் வேலை செய்கிற கிளினிக்கில் வந்து, டொக்டர் எப்போது வருவார் என்று கேட்பார்களே, அந்தக் குரல். அந்த வலியை அப்போது நான் கவனிக்கவில்லை. பாட்டின் மேல் அவ்வளவு பிரியம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு கூட்டாகிவிட்டோம். பஸ்மியா டீச்சர், நான், அக்கா. போயா நாளென்றால், அந்தப் பௌர்ணமி லீவுக்கு, அக்கா வந்துவிடுவார். டீச்சர் கீழேயிருந்து பால் விடாத இஞ்சி பிளேன்டியும் வட்டிலப்பமும் எடுத்துக்கொண்டு மேலே வருவார். ஆளுக்கொரு பாட்டு மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. டீச்சர் நபி புகழ் பாடுகிற கஸீதாவும் பழைய ஹிந்திக் கஸலும் தருவார். நான் சினிமாப் பாட்டும், சில நேரம் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் பதிந்த தப்பு மேளச் சத்தமும் தருவேன். அக்கா தருவதற்கு வரையறையே கிடையாது. கோயில் நாதஸ்வரம் வரும். பாதிரிமார் பாடுகிற லத்தீன் பாட்டு வரும். தொண்டைக்குள்ளேயே இரண்டு குரலில் பாடுகிற குதிரைக்கார ஆட்களின் பாட்டு வரும். ஒரு தடவை கிட்டாரைக் கொலை செய்கிற மாதிரி ஒன்று வந்து, டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "அல்லாஹ்வே, இது பாட்டா, யாருக்காச்சும் அடி விழுதா?" என்றார்.

"டீச்சர், உது உங்களுக்கில்லை. மாடிப்படிக்குக் கீழை இருக்கிற ஸ்டோர் ரூமுக்கு" என்றார் அக்கா, பகிடி மாதிரி. டீச்சர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவர் தானாக ஒரு பாட்டை முணுமுணுத்து நான் கேட்டதில்லை. ஹெட்போன் வைத்திருக்கமாட்டார். பஸ்ஸில் ஏறினால் என்ஜினுக்குப் பக்கத்து சீட்டைத்தான் தேடுவார். சத்தம் பெரிதாக இருந்தால்தான் மற்றச் சத்தம் கேட்காதாம். எந்த மற்றச் சத்தம் என்று நான் கேட்டதற்கு, டிக்கெட் எடுக்கச் சில்லறை இருக்கிறதா என்று பேச்சை மாற்றினார். ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவரின் வாடகை வீட்டில் ஒரு ஜன்னலுக்கும் துணி கிடையாது. நான் கிண்டல் செய்தபோது, "துணி போட்டா உள்ளுக்கை இருக்கிறது வெளியிலை போகாது" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் வீட்டு விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. கீழ்வீட்டு ஹாலுக்கென்று அக்கா ஒரு ஊதுகுழல் இசை அனுப்பினார். மூன்று மூன்று தட்டாக, மெதுவாக, முன்னும் பின்னும் போய் வருகிற தாளம். டீச்சர் அஸர் தொழுகை முடிந்த பிறகு அதைப் போட்டிருக்கிறார். உள் அறையில் படுத்திருந்த அவருடைய மாமா, அதாவது கணவரின் வாப்பா, எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டாராம்: "ஊஞ்சல மெல்ல ஆட்டுங்க. புள்ள உழுந்திரும்."

டீச்சர் மேலே ஓடி வந்தார். "ஊஞ்சலாம் செல்றார். எங்கட வீட்டுல எங்க ஊஞ்சல் ஈக்கு? நான் கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து ஒண்டுமே இல்லயே."

கணவர் வந்த பிறகு டீச்சர் அவரிடம் கேட்டார். அவர், தனக்கு மூத்ததாக ஒரு பெண்பிள்ளை இருந்ததாகவும், ஹாலின் நடு வளையில், அந்த மர உத்தரத்தில், ஊஞ்சல் தொங்கியதாகவும், பிள்ளை அதிலிருந்து விழுந்து மௌத்தான பிறகு வாப்பாவே கழற்றி ஆற்றில் போட்டுவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையாம்.

நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வளை போய்ப் போய் வருகுது. அதுக்கு ஏத்த தாளத்தைத் தேடினன். அவ்வளவுதான்." அவர் என்னைவிடப் பயந்திருந்தது போலத் தெரிந்தது. "டீச்சர் முழுக்கப் போட்டவவோ? முடியும்வரை விட்டவவோ?"

டீச்சர் இனிமேல் அக்காவின் பாட்டே வேண்டாம் என்று இருந்தார். ஆனால் மாமா விடவில்லை. அஸருக்குப் பிறகு அதைப் போடு என்று தினமும் கேட்டு வாங்கிக் கேட்டார். கேட்டுக் கேட்டு, பல வருடமாகப் பேசாத அந்த மகளின் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். பிறகு எப்படி டீச்சர் அக்காவைக் கோபித்துக்கொள்வார்? நான் மட்டும் அதற்குப் பிறகு அவர் கைதட்டினால் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன். பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று அவரோடு பழகித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி என் அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

அப்பா ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார். அம்மா செத்த பிறகு தனியாக. அந்த வருடம் மழை பிடித்தது விடவில்லை. லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருப்பதாகவும், உடனே வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்றும் கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் மற்றக் குடும்பங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விட்டன. அப்பா மட்டும் அசையவில்லை. வாரா வாரம் போய் மன்றாடினேன். அம்மா நினைவுதான் அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டு, அம்மாவின் போட்டோவைக் கட்டுகஸ்தோட்டையில் நடுவீட்டில் மாட்டிவைக்கிறேன், சாமிப் படத்தையெல்லாம் கொண்டுவருகிறேன் என்று என்னென்னவோ பேசினேன். அப்பா பீடியை இழுத்துக்கொண்டு, "இந்த லயத்தயா பாப்பா நா கட்டிக்கிட்டு அழுவுறேன்? ஒழுகுற வீடு" என்பார். பிறகு ஏன் வரமாட்டேன் என்கிறார்?

மழைச் சத்தம் கேட்டாலே எனக்குக் கிளினிக்கில் வேலை ஓடாது. அப்பா மண்ணுக்குள் போய்விடுவார் என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. டீச்சர்தான் சொன்னார், "அக்காவ கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. எங்கட மாமாவையே பேச வெச்ச ஆள்."

அக்கா உடனே சம்மதிக்கவில்லை. "லயத்து வீடு நான் கேட்டதில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வாறன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அப்பா மரியாதையாக, "வாங்கம்மா, உக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. அறை நடுவில் நின்று கைதட்டினார். எங்கள் வீட்டில் தட்டினால் சத்தம் சுவரில் பட்டு வரும். அங்கே அது வரவே இல்லை. அக்கா செருப்பைக் கழற்றினார். குனிந்து, சிமெந்துத் தரையில் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"ஐயா, இந்த வீட்டுக்கு என்னாலை பாட்டுத் தரேலாது."

"ஏம்மா? ஏழைப்பட்ட வீடுன்னா பாட்டு கெடையாதா?" அப்பா சிரித்தார்.

"அதில்லை. இந்த வீடு ஏற்கெனவே ஒண்டைக் கேட்டுக்கொண்டு இருக்கு."

அப்பாவின் சிரிப்பு நின்றது. பீடியைக் கீழே வைத்தார். "ஒங்களுக்கும் கேக்குதா?" என்றார், ஆசையாக.

அப்போதுதான் சொன்னார். அம்மா போன பிறகு தூக்கம் வராமல் தரையில் படுக்க ஆரம்பித்தாராம். ஒருநாள் காதைத் தரையில் வைத்தால், பேக்டரியில் ரோலர் ஓடுகிற சத்தம். கொழுந்து கசக்குகிற அந்த மெசினில்தான் அப்பா வாலிபம் முழுக்க வேலை பார்த்தார். பேக்டரி மூடிப் பல வருடம் ஆகிறது; மெசின்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். "அது ஓடிக்கிட்டேதான் இருக்கு பாப்பா. வர வர நல்லா கேக்குது. அதக் கேட்டாத்தான் எனக்கு தூக்கம். ஒங்க ஊட்டு மேமாடியில எப்புடி கேக்கும்?"

நான் மண்டியிட்டுக் காதை வைத்துப் பார்த்தேன். ஏதோ கேட்டது. என் ரத்தம் ஓடுகிற சத்தமாகவும் இருக்கலாம். அதுவரை நான் பேசிய பேச்செல்லாம் வீண் என்று புரிந்தது. அப்பாவை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது அம்மா இல்லை. மலைக்கு அடியில் நகர்ந்துகொண்டிருந்த ஒன்றைத் துணையென்று நினைத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்.

திரும்பும்போது அக்கா வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். சில நாள் கழித்து, மழை மறுபடி வலுத்தபோது, ஒன்று அனுப்பினார். எங்கோ குளிர்நாட்டில் மெசின்களை வைத்து இசை செய்கிறவர்கள் செய்தது. பாட்டுமில்லை, தாளமுமில்லை, மணிக்கணக்காக ஒரே உறுமல். டீச்சர் கேட்டுவிட்டு, "மோட்டர் ஓடுற சத்தம் மாதிரி ஈக்கு. இதப் போய் யார் ரசிக்கிற?" என்றார். செய்தியில் அக்கா எழுதியிருந்தார்: "இது வீட்டுக்கில்லை. ஐயா வெளியிலை வாறதுக்கு."

ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டினேன். கண்ணை மூடினார். "எங்க புடிச்சீங்க இத? மூணாம் நம்பர் ரோலரு. அது கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் ஓடும்" என்றார். அன்றைக்கே ஒரு பையோடு என்னோடு பஸ் ஏறினார். வழி முழுக்க ஹெட்போனைக் கழற்றவில்லை. எனக்கு வந்த அழுகையை ஜன்னல் பக்கம் திரும்பி அழுது தீர்த்தேன்.

எங்கள் வீட்டு பல்கனியில் ஆற்றைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதும் காதில் இருக்கும். ஒரு போயா நாள், மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நின்னுருச்சு" என்றார்.

எடுத்து என் காதில் வைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனின் பெற்றரியிலும் சார்ஜ் இருந்தது. "ஓடுதேப்பா" என்றேன். அப்பா தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து போன் வந்தது. மத்தியானம் மலை இறங்கிவிட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் மண்தானாம். அங்கே ஆட்கள் யாரும் இல்லாததால் உயிருக்குச் சேதமில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் கை சூடாக இருந்தது. அதைவிட எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்கு அழைத்து, ஹெட்போனை அப்பா கழற்றியதையும் மலை இறங்கியதையும் சொல்லி, கடவுளே உங்களை அனுப்பினான் என்கிற மாதிரி ஏதோ உளறினேன். அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஐயா எப்ப கழட்டினவர்?"

"மத்தியானம், சாப்புடுறப்ப."

"எனக்கும் அப்பதான் நிண்டது."

அன்று தரையில் கை வைத்ததிலிருந்து அந்தச் சத்தம் அவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்ததாம். அது மட்டுமில்லை. கைதட்டிய ஒவ்வொரு வீடும் அவரோடு வந்துவிடுமாம். அந்த வீட்டில் அதற்குரிய பாட்டை யாராவது முழுக்கப் போட்டால்தான் அவரை விட்டுப் போகுமாம். "நான் நல்ல மனசிலை அனுப்பினனான் எண்டு நினைக்காதேங்கோ பிள்ளை. நித்திரை கொள்ளத்தான் அனுப்பினனான்." அவர் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதற்கெல்லாம் அர்த்தம் அப்போது விளங்கியது. நாங்கள் பாட்டைக் கேட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறோம். அவர் ஊரிலுள்ள வீட்டையெல்லாம் சுமந்துகொண்டு பஸ் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் அவ்வளவு இரக்கம் வந்தது.

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, தங்கையோடு இருக்க யாழ்ப்பாணம் போக முடிவெடுத்தார். போவதற்கு முன் எங்களிடம் சாப்பிட வந்தார். அப்பா அப்போது கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்திருந்தார். ஹெட்போனைத் தொடுவதில்லை. பாயைப் பார்த்ததும் அக்கா குனிந்து, தரையில் விரல்நுனியை மட்டும் வைத்தார். சூடு பட்டது போல எடுத்துக்கொண்டார். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்திலிருந்து பாட்டு வந்தது. எங்கள் வீட்டுக்கென்று. பைலா, தேவாரம், பிரெஞ்சுக்காரி ஒருத்தியின் பாட்டு, முழவு, மழைச் சத்தம்கூட. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. மருந்து எதுவும் பிடிக்காத நோயாளிக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிற மாதிரி. எல்லாவற்றையும் கடைசிவரை போட்டேன். போட்டுவிட்டேன் அக்கா என்று எழுதினேன். அடுத்த நாள் இன்னொன்று வரும். அப்பா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார், பகலிலும்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டு எழுதினேன், இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது, அப்பாவை வேறு வீட்டுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று. அவரே அழைத்தார். குரல் மெலிந்திருந்தது.

"உங்கட வீட்டிலை ஒண்டுமில்லை பிள்ளை. நானும் வீடெண்டுதான் நினைச்சு அனுப்பிக்கொண்டிருந்தன். மலை இறங்கினாப் பிறகு அந்தச் சத்தத்துக்கு இருக்க இடமில்லை. ஐயாட்டை வந்திட்டுது."

"அப்ப அப்பாவுக்கு ஏத்ததா ஒண்ணு அனுப்புங்கக்கா. முழுக்கப் போடுறேன். எத்தன தடவன்னாலும் போடுறேன்."



"ஆளுக்கு அனுப்ப எனக்குத் தெரியாது" என்றார். "அவரை வேறை இடத்துக்குக் கொண்டு திரியாதேங்கோ. பக்கத்திலை இருங்கோ."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பாட்டு வரவில்லை. அந்த நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை.

அன்று போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். அப்பா பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைக்கப் போனேன். வைக்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.